காசின் பிறவிக் குறையும் பின்னை வடுவும்

நாணயம் என்னும் சொல் காசினையும் நேர்மையையும் ஒருங்கே குறித்தல் நம் மொழிக்கு வாய்த்ததொரு சிறப்பு. ஆயின் பழங்காசு விற்பார் எல்லாரிடத்தும் இவ்விரண்டும் ஒருங்கே அமையக் காண்கிலேம். அக்கசாலையில் பிழைபட அச்சாகி வெளிப்போந்த காசுகளை மிக்க விலை கொடுத்து வாங்குவோர் உளர். அதனால் சுத்தியலால் நசுங்கியதும் அரத்தால் தேய்ந்ததும் 'அரிய பிழைக்காசு' என்னும் பெயரோடு விலையாகின்றன. ஏமாறி வாங்குவோர் இழப்பது பொருள் மட்டுமே. குறையின் தோற்றத்தை மாறி உணரும் வரலாற்று மாணவர் இழப்பதோ அதனினும் பெரிது. ஆதலின் இவ்விரண்டினையும் பிரித்தறியும் நெறி சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

காசு பிறக்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். உலோகத் தகட்டினின்று வட்ட வில்லைகள் வெட்டப்படும். விளிம்பு திரட்டிய வில்லையை மேலும் கீழும் அமைந்த ஈர் எஃகு அச்சுகள் நெரிக்க, உலோகம் பிசைந்த மாவென ஓடி அச்சின் பள்ளங்களை நிரப்பும். ஆகவே அச்சிலுள்ள பள்ளம் காசில் மேடாகும். அச்சு வெடிப்புறின், அவ்வெடிப்பு காசின்மீது புடைத்த கோடாகத் தோன்றும். காசின்மீது ஆணி கீறினாலோ கோடு பள்ளமாகும். ஒதுங்கிய உலோகம் அதன் கரையில் வரப்பெனக் குவியும். இதனை அறிய விரல்நுனியும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். எனினும் மேடெல்லாம் பிறவி, பள்ளமெல்லாம் வடு என விதி கூறிவிடல் சாலாது. அச்சிற்கும் வில்லைக்கும் இடையே நூலோ எண்ணெய்ப் பிசுக்கோ சிக்கினும் பள்ளம் விழும், எழுத்து மழுங்கும். ஆனால் அத்தகைய பள்ளத்திற்குக் கரைமேடு இராது.

விளிம்பில் பிறைபோலக் குறைந்த காசுகள் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தன. முன்னரே வில்லை வெட்டிய துளையின்மீது வெட்டும் பொறி மீண்டும் படியுமாயின், கடித்தெடுத்த அப்பம் போன்றதொரு வில்லை பிறக்கும். வியப்பு யாதெனின், கடிபட்ட இடத்திற்கு நேர் எதிர்ப்புறத்தும் விளிம்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். விளிம்பு திரட்டும் பொறி வில்லையை இருபுறமும் நெருக்கியே தொழில் செய்வதாகலின், ஒருபுறம் உலோகம் இன்றேல் மறுபுறம் நெருக்குதல் இல்லை. பின்னாளில் கத்தரியால் வெட்டும் வஞ்சகன் எதிர்ப்புற விளிம்பை எண்ணுவதில்லை!

துளை பற்றியும் ஒரு சொல். 1943 முதல் 1947 வரை இந்திய அரசினர் வெளியிட்ட ஓட்டைக் காலணாவின் துளை, போர்க்காலத்தில் உலோகச் சிக்கனம் கருதி அக்கசாலையே இட்டது; அது பிழையுமன்று, வடுவுமன்று. கழுத்தில் அணிதற்பொருட்டுத் துளைத்த ரூபாயிலோ துளை எழுத்தென்றும் முகமென்றும் பாராது ஊடுருவும். வளையம் நீக்கப்பட்ட காசுமாலைக் காசின் தலைப்பில் பற்றாசின் தழும்பு எஞ்சும்.

இனி, பொறியின்றிக் கையச்சும் சம்மட்டியும் கொண்டு அடிக்கப்பட்ட உரோமக் காசுகளை நோக்குவாம். அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொள்ள, அதனைக் காணாது அடுத்த வில்லையை வைத்து அடிப்பின், ஒரே முகம் ஒருபுறம் புடைத்தும் மறுபுறம் இடவலம் மாறிக் குழிந்தும் பதியும். இது பிறவிக் குறை என்பதில் ஐயமில்லை.

1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் வெளிப்பட்ட புதையலின் செய்தி வேறு. அதில் கிடைத்த உரோமப் பொற்காசுகள் 501. வரிக்காசைக் காட்டுமாறு ஆண்டவர் கேட்ட நாளில் ஆண்டிருந்த திபேரியு இராயனின் காசுகளும் அவற்றுள் உண்டு. காலத்தாற் பிற்பட்டவை வெஸ்பாசியன் காலத்தன. இவற்றுட் பெரும்பாலானவற்றில் இராயன் தலைமீது ஒரு வெட்டு உளது. அச்சின் வெடிப்பாயின் அது புடைத்திருத்தல் வேண்டும். ஓரச்சிற் பிறந்த காசுகளோடு நின்றிருத்தலும் வேண்டும். இவையோ பல இராயர், பல அச்சுகளின் காசுகளில் ஆழ இறங்கிய பள்ளங்கள். உளியின் வேலையே என்பது தெளிவு. பொன்னின் தூய்மையைச் சோதிக்க வெட்டினர் என்பாரும் உளர். அதற்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமே. தலையையே தேடி வெட்டுவானேன்? மீண்டும் காசாக வழங்காது, நிறுத்து விற்கும் பொன்னாக மட்டும் கொள்ளப்படுதற்பொருட்டு அவ்வாறு செய்தனர் என்னும் கொள்கையே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. உளி பிடித்த கை வணிகனதோ, அரசன் ஏவலனதோ என்பது இன்னும் முடியாத வழக்கு.