இடைநிலை வகுப்பிலே தமிழும் ஒலிப்பதிவும்

திருக்குறளிலே கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்ததாகக் கேள்வி என்றோர் அதிகாரம் வகுக்கப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். நம் முன்னோர் செவியைக் கல்வியின் பெருவாயிலாகக் கொண்டனர் என்பதற்கு அவ்வைப்புமுறையே தக்க சான்றாகும். இன்றோ தமிழ்ப் பாடவேளையிலே செவிக்குரிய தொழில் மிகச் சுருங்கிவிட்டது. ஆசிரியர் எழுதுகிறார், மாணாக்கர் பார்த்துக் கொப்பியில் எழுதுகின்றனர். கரும்பலகையின் இடத்திலே திறன் பலகை வந்த பின்னரும் பார்த்தெழுதுதல் பார்த்தெழுதுதலாகவே நிற்கின்றது. தரம் 6 முதல் 9 வரையுள்ள இடைநிலை வகுப்புக்களிலே தமிழாசிரியனுக்கு உற்ற துணையாகத்தக்க கருவி யாது என்று என்னைக் கேட்பின், ஒலிப்பதிவுக் கருவியே என்பேன். அதனைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆசிரியருடைய சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியினுள்ளேயே அது அடங்கிக் கிடக்கின்றது.

செயன்முறைக் கல்வி நமக்குப் புதிதன்று. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சீர்திருத்தம் தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளை வகுப்பறைக்குள் கொணர்ந்தது. அதன் நோக்கம் உயர்ந்ததே. எனினும், நடைமுறையிலே பல வகுப்புக்களில் அது நான்கு குழு, நான்கு டிமைத் தாள், நான்கு பிளாட்டிக்னம் பேனை என்ற சடங்காக முடிந்துவிடுவதை ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். குழுவிலே ஒருவன் எழுதுவான். ஒருவன் சுவரில் ஒட்டுவான். மற்றையோர் பேனையின் மூடியை உருட்டிக்கொண்டிருப்பர். ஆராய்வதற்கு உண்மையான பொருளொன்று கையிற் கிடையாதபோது ஆராய்ச்சி எங்ஙனம் நிகழும்? பாடநூலில் உள்ளதையே தாளிற் பெரிதாக எழுதுவது ஆராய்ச்சியாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது கருவிகளின் வலிமையையும் எளிமையையும் ஒருங்கே கண்டோம். 'குரு கெதர' என்னும் கல்வி நிகழ்ச்சி தமிழ்ப் பிள்ளைகளுக்காக நேத்ரா தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ஆசிரியர்கள் கைத்தொலைபேசிவழிச் செயலட்டைகளை அனுப்பினர். எழுவான்கரையிலே அலைத்தொடர்பு ஓரளவு கிட்டியது. படுவான்கரையின் உட்கிராமங்களிலோ பிள்ளைகள் அதனைத் தேடி வரம்பிலும் வாய்க்காற்கட்டிலும் நின்றனர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே மின்சாரமும் எரிபொருளும் எழுதுதாளுமே அரியவாயின. வலையமைப்பையும் இடையறா மின்சாரத்தையும் நம்பி நிற்கும் கருவி நம் நாட்டிலே திடீரெனக் கைவிடும் என்பது அன்று தெளிவாயிற்று. ஒலிப்பதிவோ வலையமைப்பை வேண்டாது. ஒருமுறை மின்னேற்றினால் ஒரு நாட்பாடத்துக்குப் போதும்.

இனி, எதனைப் பதிதல் வேண்டும்? பிள்ளையின் வீட்டுத் தமிழையே பதிதல் வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதிலே நம் பிள்ளைகள் பலர் வகுப்பில் வாய்திறக்க அஞ்சுகின்றனர். விளையாட்டு மைதானத்திலே ஓயாது பேசுகின்ற பிள்ளை, தமிழ்ப் பாடத்திலே எழுந்து நின்றதும் ஊமையாகிவிடுகின்றது. தான் பேசுவது பிழையான தமிழ், புத்தகத்தில் உள்ளதே சரியான தமிழ் என்று எவரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கின்றனர். மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டு நகைத்தவர்கள் வெளியூரிலும் உளர், உள்ளூரிலும் உளர். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்றிலே, பேச்சுத் தமிழ் வழக்குகளுள் மட்டக்களப்பு வழக்கே எழுத்துத் தமிழுக்கு மிக அணித்தானது என்னும் கருத்தைத் தெரிவித்தார். ஆயினும் ஓர் அயல்நாட்டறிஞரின் சான்றிதழ் பிள்ளையின் நாணத்தைப் போக்காது. தன் அம்மம்மாவின் குரல் வகுப்பறையிலே ஒலிக்க, ஆசிரியர் எழுத்தாணி பிடித்தவர்போல உன்னிப்பாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் காட்சியே அதனைப் போக்கும்.

செயன்முறையைச் சற்று விரித்துரைக்கின்றேன். மாணாக்கர் பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவருதல் வேண்டா. வீட்டிலுள்ள பெரியோரின் கருவியிலே இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத பேச்சொன்றைப் பதிந்துவருதல் போதும். பொருளையும் முன்னரே வரையறுத்துக் கொடுத்தல் நன்று. ஆவியில் மீன்பிடித்தல், வயல் விதைப்பு, கண்ணகையம்மன் சடங்கு, பழைய பாதைப் பயணம் என்றாற்போலப் பொருள் குறுகியிருப்பின் பேச்சு வளமாக வரும். (ஆவியைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்று நாம் வழங்குவது வெளியூராருக்கு வியப்பளிக்கும், நீரின்மேலே பாதை மிதந்து செல்கின்றதன்றோ!) பேசுபவரின் இசைவை முதலிலே பெற்று, அவ்விசைவையும் ஒலியிலேயே பதிதல் வேண்டும். மின்விசிறியை நிறுத்துக, கருவியை மடித்த துணியின்மீது, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைக்க. நாளும் ஊரும் தொடக்கத்திற் சொல்லப்படுக. கருவியில்லாத வீட்டுப் பிள்ளை செவியாற் கேட்டுக் கையால் எழுதிவரலாம். அவ்வாறு வந்தவை சிலவேளை பதிவைக் காட்டிலும் நுட்பமாய் இருத்தலை நான் கண்டதுண்டு.

வகுப்பிலே ஒரு பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு நிமிடப் பேச்சை எழுத்தில் வடிக்க ஒரு பாடவேளை முழுவதும் செல்லும். அதற்காக எவரும் வருந்தற்க. அங்கேதான் கல்வி நிகழ்கின்றது. கொப்பியை இரு பத்தியாகப் பிரித்து, இடப்பத்தியிலே கேட்டது கேட்டவாறும், வலப்பத்தியிலே எழுத்து வழக்கிலும் எழுதச் செய்வேன். "ளகரமா ழகரமா, மீண்டும் போடுங்கள்" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவர். அதே அடியை ஐந்துமுறை, பத்துமுறை கேட்பர். எந்த ஆசிரியரும் சலிப்பின்றி ஒன்றைப் பத்துமுறை சொல்லார், கருவி சொல்லும். கருவியின் பெரும்பயன் அதுவே.

இவ்வாறு சேர்ந்த சொற்களே பின்னர் இலக்கணப் பாடத்துக்கு மூலப்பொருளாகின்றன. பவணந்தியார் நன்னூலிலே இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ எனவும், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனவும் மும்மூன்றாக வகுத்தார். பாடநூலிலே மரூஉவுக்குத் தஞ்சை, கோவை என்று தமிழகத்து ஊர்களை எடுத்துக்காட்டுவர். பிள்ளை அவ்வூர்களைக் கண்டதில்லை. ஆனால், அதன் தாய் அதனை நாள்தோறும் 'மனே' என்று அழைக்கின்றாள். மகனே என்பது மனே என மருவிற்று என்று கண்டறிந்த பிள்ளை மரூஉவை மறவாது. 'மறுகா' என்னும் சொல்லைப் பதிவிலே கேட்டு, அதனை 'மறுகால்' என்பதனோடு தரம் 8 மாணவியொருத்தி பொருத்திக் காட்டியபோது வகுப்பே ஆர்ப்பரித்தது. 'கிறுகி' என்பதும் 'கிறுகிறுப்பு' என்பதும் ஒருவேர்ச் சொற்கள் ஆகலாமோ என்ற வினா மற்றொரு நாள் எழுந்தது. 'ஒள்ளுப்பம்' என்பதற்கு நேரான எழுத்துவழக்குச் சொல்லைத் தேடி, சிறிது, கொஞ்சம், சற்று என்னும் மூன்றுள் எது பொருந்தும் என்று பெரும்போரே நிகழ்ந்தது.

குழூஉக்குறிக்கு நம் வயலைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. சூடு மிதிக்கும் களத்திலே உழவர் வழக்கமான சொற்களை விலக்கித் தமக்கென ஒரு மொழியிற் பேசினர். நெற்குவியலைப் 'பொலி' என்றே கூறினர். களத்தின் வளத்தைத் தீய சக்திகள் கவரும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணமாம். இயந்திரம் வயலுக்கு வந்து, அறுப்பும் சூடடிப்பும் ஒரே ஓட்டத்தில் முடிவதாயிற்று. களமும் போயிற்று, களமொழியும் போயிற்று. அம்மொழியைத் தம் வாயாற் பேசியவர்கள் இன்று முதியோர். தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவிகளைத் தொகுத்து வெளியிட்டார், வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலிலே நம் நாட்டு வழக்குகளையும் நாட்டுப் பாடல்களையும் எழுதிவைத்தார். அவர்கள் சேர்த்த சொல் நமக்கு உண்டு. அச்சொல் ஒலித்த குரல் ஏட்டில் இல்லை. போரும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் குரல்கள் பலவற்றைக் கொண்டுபோயின. எஞ்சியவற்றைப் பதிவதற்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையே போதும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்கின்றனர். 'எங்கள் ஊர்' என்று தலைப்பிட்டாற் கட்டுரை முழுவதையும் நொடியில் எழுதித் தரும் பொறி இன்று உண்டு. அதனைத் தடுப்பது எவ்வாறு என்று ஆசிரியர் சிலர் கவல்கின்றனர். பொறியால் எழுதக்கூடிய தலைப்பைக் கொடுத்துவிட்டுப் பொறியை நொந்து பயனில்லை. 'உன் பாட்டன் அத்தாங்கு கொண்டு இறால் பிடித்த துறை யாது, அவர் என்ன சொன்னார்' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பாட்டனிடமே செல்லும். பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் வசதியையும் வகுப்பில் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தோம். படுவான்கரை மூதாட்டி ஒருவரின் பேச்சு, திரையிலே வேடிக்கையான வேறொரு தமிழாக வந்தது. பிள்ளைகள் பொறியின் பிழைகளைச் சிவப்பு மையாற் திருத்தினர். தமிழ்ப் பாடத்திலே தாம் திருத்துபவராக அமர்ந்தது அவர்களுட் பலருக்கு அதுவே முதல் முறை.

கேட்டலிலே நம் ஆவிக்கு ஒரு பழம்பெருமை உண்டு. 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கு வந்த எமேர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, இரவிலே தோணியிற் சென்று நீரடியிலிருந்து எழும் இன்னொலியைக் கேட்டார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அது பெரிதாய் ஒலித்ததென்றும் எழுதிவைத்தார். நம் மீனவர் அவ்வொலி ஊரி எழுப்புவது என்று அவருக்குக் கூறினர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குரவர் லாங் அவர்கள் அதனைக் கருவியிற் பதிந்தார். சுவாமி விபுலானந்தரோ அவ்விசையைப் பொருளாகக் கொண்டு நீரரமகளிரைப் பாடினார். 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பழந்தமிழ் இசையைக் கணக்கினாலும் ஒலிநூலினாலும் ஆராய்ந்தார். அவர் முதலிற் பயிற்றப்பட்ட ஆசிரியர். பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். அதன் பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழாசிரியனுக்குக் கருவி எதற்கு என்பார் அவர் வரலாற்றை நோக்குக. மரத்தின்வழி ஒலி செல்வதை அறிய வகுப்பிலே ஆவி வேண்டியதில்லை. மேசையின் ஒரு முனையிலே காதை வைத்து, மறுமுனையை நகத்தாற் சுரண்டச் செய்தாற் போதும். தெனன்ற் கேட்ட முறையைத் தரம் 6 பிள்ளையும் அறிந்துகொள்ளும்.

பாடத்திட்டம் முடியாதே என்னும் தடை உண்டு. அது மெய்யே. தவணைக்கு இரண்டு பதிவுக்கு மேல் நான் எடுப்பதில்லை. மிகுந்த பாடவேளைகள் வழக்கம்போலவே செல்கின்றன. எனினும் அவ்விரண்டின் பின்னர்க் கட்டுரைக் கொப்பிகளிலே பிள்ளைகளின் சொந்தச் சொற்கள் தலைகாட்டுவதைக் காண்கின்றேன். வினாத்தாளைத் திருத்துவோர் அச்சொற்களுக்குப் புள்ளி குறைப்பரோ என்னும் அச்சமும் உளது. ஆதலின் எவ்விடத்தில் எவ்வழக்கு என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்; இருபத்திக் கொப்பி அதற்கென்றே அமைந்தது.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாடு சென்ற உறவினர்க்குக் குரலைப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாக்களும், ஊர்க் கூத்தையும் குளுத்திப் பாடலையும் பதிந்த நாடாக்களும் உங்கள் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் அவற்றை ஓட்டிப் பார்க்கற்க, நாடா அறுந்துவிடும். மேலுறையிலே ஊரும் ஆண்டும் பேசியவர் பெயரும் எழுதி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்து, கல்லூரித் தமிழ் மன்றத்துக்குத் தெரிவியுங்கள். பிரதி எடுத்தபின் மூலம் உங்களிடமே திரும்பி வரும். அவற்றை எழுத்தில் வடிக்கத் தரம் 9 மாணாக்கர் இருக்கின்றனர்.