பழைய செய்மதிப் பெட்டி: திருத்துவதா, மாற்றுவதா?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பிற்காலத்தில் மீளக்குடியமர்ந்த சில வீடுகளில் படம் வராத செய்மதிப் பெட்டிகளைக் கண்டோம். "மென்பொருள் ஏற்றினால் சரிவரும்" என்கிறார் ஒரு கடைக்காரர். "எல்லாத்தையும் மாத்துங்கோ" என்கிறார் மற்றவர். விதை வெங்காயத்துக்கு ஒதுக்கிய காசை எடுக்குமுன் சற்றுப் பொறுப்போம்.

பழைய பெட்டிகள் பெரும்பாலும் எம்பெக்-2 முறையில் சுருக்கிய படத்தை மட்டுமே விரிக்கும். 2003இல் எம்பெக்-4இன் புதிய சுருக்கமுறையும், 2005இல் டி.வி.பி.-எஸ்2 என்ற ஒளிபரப்புத் தரமும் வந்தன. இவற்றைப் படிப்பது பெட்டிக்குள் இருக்கும் சில்லு. மென்பொருள் அலைவரிசைப் பட்டியலைத் திருத்தும். இல்லாத சில்லைத் தராது. இரண்டங்குல நீரிறைக்கும் பம்பிக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அது மூன்றங்குலமாகுமா?

நிலையம் அலைவரிசை எண்ணை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே முதலில் பெட்டியை மீண்டும் தேடவிட்டுப் பாருங்கள், செலவில்லை. ஒளிபரப்பு முறையே மாறியிருந்தால் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதே செய்மதியென்றால், பழுதில்லாத டிஷ்ஷும் வயரும் அப்படியே உதவும்.

வாங்கும்போது, பழைய ரீ.வி.க்குரிய மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் புதிய பெட்டியில் உண்டா எனப் பாருங்கள். மாதக் கட்டணப் பெட்டிகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டவை. பாவித்த பெட்டி மலிவாகக் கிடைத்தால், உங்கள் வீட்டில் பூட்டிப் படம் வந்த பின்பே காசைக் கொடுங்கள்.