பொதிகளின் பயணம்

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர், தறியிலிருந்து இறக்கிய பட்டுச்சேலையைக் கைப்பேசியில் படமெடுத்துச் சிங்கப்பூர்க் கடைக்காரருக்கு அனுப்புகிறார். சில நொடிகளில் விலை கேட்டு மறுமொழி வருகிறது. இடையில் நிகழ்ந்தது யாது?

படம் அப்படியே முழுதாகச் செல்வதில்லை. அது 30 இலட்சம் பைட்டு அளவினதாயின், ஒவ்வொன்றும் சுமார் 1500 பைட்டு கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளாகப் பகுக்கப்படும். சேரவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் ஒவ்வொரு பொதியிலும் இருக்கும். வழியிலுள்ள திசைவிகள், அதாவது ரூட்டர்கள், முகவரியைப் பார்த்து அடுத்த திசைவிக்கு அனுப்பும். முழுப்பாதையையும் அறிந்த திசைவி எதுவுமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி வடம் 2002இலேயே இடப்பட்டுவிட்டது. பொதிகள் முன்பின்னாகச் சேர்ந்தாலும் எண்வரிசைப்படி அடுக்கப்படும். வந்து சேராதவை மீண்டும் அனுப்பப்படும்.

இம்மறு அனுப்புகையே ஒருமுறை வினையாயிற்று. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்லியில் 400 கெஜத் தொலைவே இருந்த இரு இடங்களுக்கிடையே, நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் பொதிகள் தொலைந்தன, கணினிகளோ அவற்றையே திரும்பத் திரும்ப அனுப்பின, நெரிசல் முற்றியது. கருடசேவையன்று நகராத கூட்டத்தைப் பின்னாலிருப்போர் மேலும் தள்ளினால் என்னவாகும்? அதுவே அங்கும் நிகழ்ந்தது. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி கூறியது. பொதி தொலைந்தால் அனுப்பும் கணினி வேகத்தைக் குறைக்க வேண்டும். பெற்றதற்கான ஒப்புகை வரவர மெல்லக் கூட்ட வேண்டும். கூட்டத்தை ஒழுங்குசெய்யக் காவலர் எவருமிலர்; ஒவ்வொரு கணினியும் தானே ஒதுங்கி வழிவிடுகிறது. வியப்புக்குரியது இதுதான்.

நெரிசல் போக, அறுபடுதலும் உண்டு. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் கண்ணாலேயே கண்டு முடிச்சிடுவார். மண்ணுக்கடியில் புதைந்த கண்ணாடியிழை, சாலை தோண்டுகையில் அறுந்தால் எங்ஙனம் காண்பது? ஒரு முனையில் ஒளித்துடிப்பைச் செலுத்துவர். அறுந்த இடத்தில் பட்டு அது எதிரொளித்துத் திரும்பும். இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்வதால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் திரும்பினால் அறுப்பு 10 கி.மீ. தொலைவில் உள்ளதென அறியலாம். அவ்விடத்தைத் தோண்டி, முனைகளைத் தூய்மை செய்து நேர்நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒட்டுவர்.

அதுவரை, மாற்றுத்தடம் இருப்பின் திசைவிகள் பொதிகளை அதில் திருப்பிவிடும். ஒற்றை வடத்தையே நம்பியிருக்கும் நெசவாளர் சிற்றூரிலோ, சேலையின் படம் கைப்பேசியிலேயே காத்துக்கிடக்கும்.