கணிதத்தில் பிஎச்.டி. சேர்வது எப்படி?

எம்.எஸ்சி. முதலாண்டு முடியும்போதே இதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். இரண்டாமாண்டில் தேர்வுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும்: டிசம்பர் வாக்கில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) தேர்வு, ஜனவரி வாக்கில் தேசிய உயர்கணித வாரியத்தின் (என்.பி.எச்.எம்.) தேர்வு, பிப்ரவரியில் கேட். சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஆண்டுக்கு இருமுறை. தேதிகள் நகரும் என்பதால் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் அந்தந்த இணையதளத்தில் பாருங்கள்.

எல்லாத் தேர்வும் எல்லாக் கதவையும் திறக்காது. பல்கலைக்கழகங்களில் சேர நெட் ஜே.ஆர்.எஃப். கைகொடுக்கும்; அதன் உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. தரமணி கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு என்.பி.எச்.எம். முக்கியம். சிறுசேரி சி.எம்.ஐ. தனியாக நுழைவுத்தேர்வு நடத்துகிறது.

நெட் வினாத்தாளின் 'சி' பகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள். ஆனால் சரியான விடைகள் எல்லாவற்றையும் குறித்தால்தான் 4.75 மதிப்பெண். அரைகுறை அறிவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. எழுத்துத் தேர்வைத் தாண்டியபின் வரும் நேர்காணல் இன்னும் கறாரானது.

நம் கல்லூரிகளில் தேற்றத்தையும் நிரூபணத்தையும் பதினாறு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்து பழகியவர்கள் தடுக்கி விழுவது நேர்காணலில்தான். லெக்ராஞ்சி தேற்றத்தைச் சொல்லச் சொல்வார்கள், சொல்லிவிடுவீர்கள். "மறுதலை உண்மையா?" என்பது அடுத்த கேள்வி. 12 உறுப்புகள் கொண்ட ஏ4 குலத்தில் 6 உறுப்புகளுடைய உட்குலம் இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் பலகையில் காட்ட வேண்டும். எனவே ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை நீக்கிப் பாருங்கள்; எங்கே உடைகிறது என்று நீங்களே ஓர் எதிர் எடுத்துக்காட்டைத் தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடம் எது என்று பெரும்பாலும் நேர்காணல் எடுப்பவர்களே கேட்பார்கள். மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம் இரண்டையும் ஆழமாகப் படித்தவருக்குப் பத்துப் பாடங்களை மேலோட்டமாகப் புரட்டியவரைவிட வாய்ப்பு அதிகம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். குறிப்புக் கொடுத்து மேலே அழைத்துப்போவார்கள். எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த முறை பழக்கமாகியிருக்கும்.

பரிந்துரைக் கடிதத்தை முதல்வரிடம் வாங்காதீர்கள். உங்களுக்குப் பாடம் எடுத்து, உங்கள் கேள்விகளைக் கேட்டிருக்கும் ஆசிரியரின் கடிதத்துக்குத்தான் மதிப்பு.

சேர்ந்தபின் வருகிற பெரிய முடிவு, கைடைத் தேர்ந்தெடுப்பது. அவருடைய கட்டுரைகளை ஆர்க்சைவ் இணையக் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள். அதைவிட முக்கியம், அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்பது. அவருடைய இப்போதைய மாணவர்கள் இருவரிடம் தேநீர்க் கடையில் பேசினால், அறிவிப்புப் பலகையில் இல்லாத விவரமெல்லாம் வந்துவிடும்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பாடநெறி குறைந்தது 12 கிரெடிட். அதை விரைவாக முடித்துவிட்டு, கைடு கொடுக்கும் கட்டுரையை வரிவரியாகப் படியுங்கள். 'எளிதில் காணலாம்' என்று கட்டுரையாசிரியர் தாண்டிப்போகிற இடங்களில் விட்டுப்போன படிகளை லேடெக்கில் நீங்களே எழுதி நிரப்புங்கள். உங்கள் முதல் ஆய்வுச் சிக்கல் பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் கிடைக்கும். காசு வாங்கிக்கொண்டு பதினைந்தே நாளில் வெளியிடும் இதழ்களின் பக்கம் தலைவைக்காதீர்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-இல் எடுத்துவிட்டது; உங்கள் பல்கலைக்கழக விதி என்ன என்று சேரும்போதே கேளுங்கள்.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை ஐந்து ஆண்டுகளோடு நின்றுவிடும். நான்காம் ஆண்டு தொடங்கும்போதே ஆய்வேட்டின் அத்தியாயங்களைக் கைடோடு உட்கார்ந்து முடிவுசெய்துவிடுங்கள்.