சிறு மின்னாக்கியும் சிற்றூர் விளக்கும்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில் மின்தடை நேர்ந்தால் டீசல் ஜெனரேட்டர்களின் இரைச்சல் எழுகிறது. நகரத்தில் அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. மின்கம்பி எட்டாத, அல்லது எட்டியும் வீடுகளில் விளக்கெரியாத சிற்றூரில் அவ்வெந்திரமே மின்நிலையமாகிறது. அங்கு எழும் முதற்கேள்வி எந்திரத்தின் விலை பற்றியதன்று. அதற்கு நாள்தோறும் எரிபொருள் எங்கிருந்து கிடைக்கும் என்பதே.

இக்கேள்விக்கு விடை தேடியோருள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். பேராசிரியர் அமூல்யா ரெட்டியின் முயற்சியால் 1974-இல் அங்கு ‘அஸ்த்ரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு தோன்றியது. தும்கூர் மாவட்டம் குணிகல் வட்டத்திலுள்ள புரா என்னும் சிற்றூர் அதன் ஆய்வுக்களமாயிற்று. சமையலுக்குச் சாண எரிவாயு வழங்குவதே முதலில் கொண்ட நோக்கம். ஊரிலிருந்த கால்நடைகளின் சாணம் எல்லா அடுப்புகளுக்கும் போதவில்லை. மக்களின் ஆர்வமும் தணிந்தது. பின்னர் நோக்கம் மாற்றப்பட்டது. 1987 முதல் அதே வாயு எஞ்சினை இயக்கியது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குடிநீர் ஏறியது, வீடுகளில் குழல்விளக்குகள் எரிந்தன. குடிநீர் எல்லா வீட்டாருக்கும் பொதுவான தேவை என்பதால் ஒத்துழைப்பும் கூடியது. சாணம் கொண்டு வந்தவர்களுக்குச் சிறு தொகை தரப்பட்டது. செரித்த கழிவு வயலுக்கு எருவாகத் திரும்பிற்று.

எஞ்சினில் செய்யப்பட்ட மாற்றம் எளியது. சாண எரிவாயுவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மீத்தேன் உண்டு. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். மீத்தேன் எளிதில் பற்றாது. எனவே காற்று உட்புகும் குழாயில் வாயுவைக் கலந்து, தீப்பற்றச் சிறிதளவு டீசலைத் தெளிக்க வேண்டும். வாயு தீர்ந்தால் எஞ்சின் டீசலிலேயே ஓடும். இக்கலப்பை நம் ஊர்ப்புறப் பட்டறைக்காரர் எவரும் செய்துவிடக்கூடும். வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உலோகத்தை அரிக்கும் என்பதை மட்டும் அவர் மறந்துவிடலாகாது. அதே வட்டத்து ஹொசஹள்ளியில் 1988-இல் விறகிலிருந்து எரிவாயு ஆக்கும் கலன் இவ்வாறே டீசல் எஞ்சினுடன் இணைக்கப்பட்டது.

எரிபொருளே வேண்டாத இடங்களும் உண்டு. மலைநாட்டு ஓடைகளில் சிறிய நீர்ச்சக்கரத்துடன் சாதாரண மும்முனை மோட்டாரை இணைத்து மின்சாரம் பெறலாம். நான்கு காந்த முனைகள் கொண்ட மோட்டாரை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலே சுழற்றி, முனைகளில் தகுந்த மின்தேக்கிகளை இணைத்தால் அது மின்னாக்கியாகிவிடும். இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே இதற்கு வித்து. அது அற்றுப்போனால் பாட்டரியால் சில நொடிகள் மின்னோட்டம் தந்து மீட்கலாம். சுமை மிகுந்தால் மின்னழுத்தம் தானே வீழ்ந்துவிடும். இதனால் சுருள் எரிவதில்லை. சுமை குறைந்தால்தான் தொல்லை. வேகம் கூடி விளக்குகள் எரிந்துபோகும். ஆகவே மிகுதி மின்சாரத்தை வெப்பச் சுருளில் செலவிடும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டப்படுகிறது.

வீட்டுச் சுமையைக் கணக்கிடாமல் எந்திரம் வாங்குவதே பலரும் செய்யும் தவறு. நூறு வீடுகளில் 20 வாட் குழல்விளக்கு ஒவ்வொன்று எரிந்தால் 2 கிலோவாட் ஆகும். சோக்கின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 3 கிலோவாட். இதற்கு 5 கிலோவாட் எந்திரம் போதுமானது. நீரேற்றும் மோட்டார் தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்குமாதலால், விளக்கெரியும் நேரத்தில் அதனை ஓட்டாமலிருப்பது நலம். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அது மூடிய அறையில் உயிரைப் பறித்துவிடும். பொது மின்கம்பி உள்ள வீட்டில் சிறு மின்னாக்கியை இணைப்பவர் இருவழி மாற்றுச் சாவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும். அது இல்லாவிடில் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, வெளியே கம்பத்தில் பழுது பார்க்கும் பணியாளரைத் தாக்கும்.