பாடு தெரிந்த ஊருக்குக் கோடிங் தெரியாதா?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற பஸ்ஸில், மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரக் கோடிங் வகுப்பு என்று பேச்செடுத்துப் பாருங்கள். கேட்கிற பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

நம்பிக்கை: இந்தப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஏறாது.

உண்மை: பழவேற்காடு ஏரியில் தலைமுறைகளாக இருப்பது பாடு முறை. இறால் நன்றாகப் படுகிற இடம் எல்லாருக்கும் போதாது. அதனால் தலைக்கட்டுக் கணக்கு வைத்து முறை சுற்றிவரும். முறை வந்தால் வலை கட்டு, வராவிட்டால் காத்திரு, கடைசி ஆள் முடித்தால் முதல் ஆளுக்குத் திரும்பு. கணினிக்காரர்கள் நிபந்தனை, சுழற்சி என்று இரண்டு வாரம் நடத்துகிற பாடம் இதுதான். கரையில் கோடு கிழித்து, கிளிஞ்சல் வைத்தே சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆங்கிலம் இடிக்குமே என்றால், முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி இருக்கிறது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். எழில் மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்காது. பிறகு பைத்தானுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் முதல் வாரத்துப் பயம் போய்விடும்.

நம்பிக்கை: பத்து லேப்டாப் வாங்கிக் கொடுத்தால் மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

உண்மை: பெரு நாட்டில் அப்படித்தான் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது: கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. மூடிவைத்த கணினியை அது சும்மா விடாது.

நம்மிடமே வேறு பாடம் இருக்கிறது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். தெரிந்த அக்கா ஒருவர் தினமும் மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். கொரோனாக் காலத்தில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. அது கோடிங் வகுப்பல்ல, எழுத்தும் கணக்கும்தான். ஆனாலும் காசு எங்கே போக வேண்டும் என்று அதில் தெரிகிறது. உள்ளூரில் டிகிரி முடித்த ஒரு பெண்ணுக்கு மாதம் 5,000 கொடுத்தால் ஆண்டுக்கு 60,000. இரண்டு லேப்டாப் விலை.

நம்பிக்கை: கம்பெனிக்காரர்கள் ஒருமுறை பொருள் கொடுப்பார்கள், வருஷா வருஷம் சம்பளம் கொடுக்க மாட்டார்கள்.

உண்மை: குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்தோ உள்ள நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் அதிலேயே இருக்கிறது. தொடங்கிய ஆண்டுக்குப் பிறகும் மூன்றாண்டு நீளும் தொடர் திட்டத்துக்கும் இடமுண்டு. பெரிய நிறுவனங்கள் உள்ள காட்டுப்பள்ளியும் எண்ணூரும் பக்கத்தில்தான். சிக்கல் சட்டத்தில் இல்லை, போட்டோவில் இருக்கிறது: லேப்டாப் கொடுத்தால் மேடையும் பேனரும் உண்டு, சம்பளம் கொடுத்தால் எதுவும் இல்லை.

இந்தப் பணம் கேட்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் முதல் வரியில் பயிற்றுநர் சம்பளத்தைப் போடுங்கள். அடுத்ததாகச் சுண்டல். நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குப் பசிக்கும்.