பாப்பாவுக்குத் துணி டயப்பர்: சிக்கனமான சில யோசனைகள்

கடை டயப்பர் ஒன்று பத்து ரூபாய், நாளுக்கு ஆறு என்று கணக்குப் போட்டாலே மாசம் 1,800 ரூபாய். ரெண்டு வருஷத்துக்கு 43,000-ஐத் தாண்டிடும். நாகமலை புதுக்கோட்டையில் அடிக்கிற வெயிலுக்குத் துணியே தாராளமாப் போதும். நம்மைப் படுத்துறது போர்த் தண்ணியோட உப்புதான், அதுக்கும் வழி இருக்கு.

1. முதல் ஒரு மாசத்துக்கு எதையும் விலைக்கு வாங்காதீங்க. தாத்தாவோட பழைய எட்டு முழ வேட்டியை அகலத்தில் ரெண்டா, நீளத்தில் ஆறாக் கிழிச்சா பன்னிரண்டு சதுரம் கிடைக்கும். முக்கோணமா மடிச்சுக் கட்டுங்க. தொப்புள்கொடி விழுகிறவரை முடிச்சு தொப்புளுக்குக் கீழேயே இருக்கட்டும்.

2. பட்டன் வெச்ச துணி டயப்பரை 'பிறந்ததிலிருந்து போடலாம்'னு சொல்லி விப்பாங்க. பிள்ளையோட தொடை கொஞ்சம் சதை போடுறவரைக்கும் ஓரத்தில் ஒழுகத்தான் செய்யும். முதல்ல ரெண்டு கம்பெனியில் ஒவ்வொண்ணு மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்க. தொடையில் இடைவெளி இல்லாம, இடுப்பில் ரெண்டு விரல் நுழையுற மாதிரி எது உட்காருதோ அதையே இன்னும் கொஞ்சம் வாங்கிக்கலாம்.

3. காசு போடவேண்டியது தண்ணி கசியாத மேலுறைக்குத்தான். அஞ்சாறு மேலுறையும் இருபது உள்துணியும் இருந்தா வண்டி ஓடிடும். ஒண்ணுக்கு மட்டும் போயிருந்தா உறையைத் துடைச்சுட்டு, உள்துணியை மாத்தி அதையே திரும்பப் போடலாம்.

4. உள்துணியை வீட்டிலேயே தைச்சுக்கலாம், பழைய பருத்தித் துண்டே நல்லா உறிஞ்சும். ராஜபாளையம் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி கொஞ்சம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. இழை நெருக்கம் இல்லாத துணி. ஏழெட்டு மடிப்பா மடிச்சா நல்லாத் தாங்கும், பிரிச்சுக் காயப்போட்டா சட்டுனு காஞ்சிடும்.

5. மைக்ரோஃபைபர் உள்துணி கிடைச்சா பை வெச்சுத் தைச்ச மேலுறைக்குள்ளே செருகத்தான் ஆகும். தோலில் நேரடியாப் பட்டா ஈரப்பசையை உறிஞ்சி வறட்டிடும்.

6. புதுத் துணியை நாலஞ்சு தடவை அலசின பிறகே பிள்ளைக்குப் போடுங்க. கஞ்சியும் பஞ்சோட எண்ணெய்ப்பசையும் போகாதவரை அது உறிஞ்சாது. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க: உருண்டு ஓடினா இன்னும் அலசணும், உடனே உள்ளே இறங்கினா தயார்.

7. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, துணியிலேயே படிஞ்சு நாளாவட்டத்தில் அட்டை மாதிரி விறைச்சுப்போகும். மத்த அலசலெல்லாம் போர்த் தண்ணியில் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணி ஒதுக்குங்க. துணியை மிருதுவாக்குற வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது உறிஞ்சுற சக்தியையே கெடுத்துடும்.

8. ஆய்த் துணியைக் கழிவறையில் அலசிட்டு, மூடி போட்ட வாளியில் தண்ணி ஊத்தாமப் போட்டு வெச்சு, மறுநாள் சேர்த்துத் துவைக்கலாம். மஞ்சள் கறை போகலைன்னு பிளீச் பக்கம் போகாதீங்க. துவைச்ச ஈரத்தோடேயே உச்சி வெயிலில் விரிச்சா, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையோட கறை பெரும்பாலும் தானா வெளுத்துடும். மேலுறையை மட்டும் நிழலில் போடுங்க; வெயிலும் வெந்நீரும் அதோட பூச்சையும் எலாஸ்டிக்கையும் சீக்கிரம் காலி பண்ணிடும்.

9. ஆடிக் காத்துக்கு கிளிப் இல்லாம எதையும் கொடியில் போடாதீங்க, பக்கத்து வீட்டு மாடியில்தான் தேடணும். ஐப்பசி மழைக்கு மெல்லிய வேட்டித் துணியே கைகொடுக்கும். கனத்த உள்துணியெல்லாம் ரெண்டு நாளானாலும் காயாது.

10. பொழுது சாயுறதுக்குள்ளே பிள்ளைத் துணியை எடுத்துடணும்னு பாட்டிமார் சொல்வாங்க, பட்சி தோஷமாம். தோஷத்தை நம்புறவங்க நம்பட்டும், மலையடிவாரத்தில் இருட்டினா துணியில் பூச்சி வந்து ஒட்டுறது நிஜம். எடுத்ததும் ஒரு உதறு உதறி மடிங்க.

11. துணியில் ஒரு லாபம், பிள்ளை எத்தனை தடவை நனைக்குதுன்னு பளிச்சுனு தெரியும். பிறந்து ஒரு வாரம் ஆன பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது நனைச்சா, பால் போதுமான அளவு கிடைக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். குறைஞ்சா டாக்டரிடம் காட்டிடுங்க.

12. தோல் சிவந்து களிம்பு தடவும்போது, மேலே ஒரு வேட்டித் துண்டை வெச்சுட்டு டயப்பரைக் கட்டுங்க. களிம்பு உள்துணியில் ஏறிட்டா அப்புறம் அது தண்ணி குடிக்காது.

13. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊருக்குப் போற அன்னைக்குக் கடை டயப்பரைப் போடுங்க, அதில் ஒண்ணும் குத்தமில்லை. கழட்டினதைத் தாளில் சுத்தித்தான் குப்பை வண்டியில் கொடுக்கணும், 2016 திடக்கழிவு விதியிலேயே அப்படிச் சொல்லியிருந்தது. வெறுமனே வீசினா தெருநாய் இழுத்துப் போட்டு வாசலெல்லாம் அசிங்கமாகும்.

14. மேலுறையோட எலாஸ்டிக் தளர்ந்துபோனா தூக்கிப் போடாதீங்க. தையல்காரரிடம் கொடுத்தா சின்னச் செலவில் புதுசு வெச்சுத் தந்துடுவார், அடுத்த பிள்ளைக்கோ தங்கச்சி பிள்ளைக்கோ ஆகும்.